படகில் வாய் இருந்தால் போதுமா? கரையில் காது வேண்டாமா?

கடலுக்குப் போன மனிதன் கூப்பிடுகிறான். கரையிலே கேட்பார் இல்லை. நமது மீனவர்களின் வயர்லெஸ் பிரச்னை முழுவதையும் இந்த இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம்.

ஆனால் மந்திரிமார்களின் பிரசங்கங்களைக் கேட்டால் பிரச்னை வேறு மாதிரித் தெரியும். புயல் ஒன்று அடிக்கும், உயிர்கள் போகும், உடனே ஒரு புதிய கருவி அறிவிக்கப்படும். பத்திரிகைகளில் படம் வரும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தக் கருவி உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடக்கும். அடுத்த புயலுக்கு அடுத்த கருவி! கருவி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நிச்சயம் வேண்டும். ஆனால் வயர்லெஸ் என்பது ஒரு முனையில் மட்டும் இருக்கும் வஸ்து அல்ல. அதற்கு இரண்டு முனைகள் உண்டு. படகில் ஒருவன் பேச வேண்டும். கரையில் ஒருவன் கேட்க வேண்டும். முதல் முனைக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குகிறார்கள். இரண்டாவது முனையை மறந்துவிடுகிறார்கள். நமது புகார் இதுதான்.

பூட்டிய அறை

சில மாதங்களுக்கு முன் தென்கோடிக் கடற்கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு நாம் போயிருந்தோம். எந்தத் துறைமுகம் என்பது முக்கியமல்ல. ஏலக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை. கூரைமேல் ஏரியல் கம்பம். உள்ளே கரை வயர்லெஸ் கருவி இருக்கிறது என்றார்கள். மாலை ஆறு மணி ஆகியிருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர் சொன்னார்: "தோழர், மீனும் ராத்திரிதான் படும், காற்றும் ராத்திரிதான் எழும்பும். இந்த அறை மட்டும் ஆபீஸ் நேரம் பார்க்கும்."

அன்றிரவு தங்கிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேறொரு காட்சி. ஜன்னல் ஓரத்தில் பழைய வயர்லெஸ் செட் ஒன்று. படகில் புதியது வைத்தபோது கழற்றிய பழையதாம். அந்த வீட்டுப் பெண் இரவெல்லாம் அதைத் திறந்தே வைத்திருக்கிறாள். கணவனும் மூத்த மகனும் ஒரே படகில் தங்கல் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள். "தூரம் போய்விட்டால் இதில் கேட்காது, அண்ணாச்சி. ஆனால் திரும்பி வரும்போது முதலில் இதில்தான் குரல் வரும்" என்றாள். அந்தச் செட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை. சர்க்காரின் அறை பூட்டிக் கிடக்கிறது. மீனவப் பெண்ணின் ஜன்னல் விழித்திருக்கிறது. அந்தக் கடற்கரையில் இரவு நேரக் கரை நிலையம் எது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

வயர்லெஸ் முதலில் காப்பாற்றியவர்கள் யார்?

வயர்லெஸ் என்றால் பெரிய கப்பல்களுக்கும் பட்டாளத்துக்கும் உரிய சாதனம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

ருஷ்ய விஞ்ஞானி போப்போவ் 1895 மே 7 அன்று மின்னலைகளைப் பிடிக்கும் தமது கருவியை பீட்டர்ஸ்பர்க் நகரில் விஞ்ஞானிகளின் முன்னே இயக்கிக் காட்டினார். 1899 இறுதியில் பின்லாந்து வளைகுடாவில் கோக்லாந்து தீவருகே ஒரு யுத்தக் கப்பல் பாறையில் சிக்கியது. அந்தத் தீவுக்கும் கோட்கா நகரப் பக்கத்துக் கரைக்கும் இடையே, நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்குப் போப்போவும் அவரது உதவியாளர்களும் கம்பியில்லாத் தந்தி அமைத்தார்கள். கப்பலை மீட்பதற்காக அமைத்த தந்திதான் அது. ஆனால் 1900 தொடக்கத்தில் அதன் வழியே போன முக்கியமான செய்தி எது? மீனவர்கள் சிலர் பனிப்பாறை உடைந்து கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறார்கள், பனி உடைக்கும் கப்பல் யெர்மாக் உடனே புறப்பட வேண்டும் என்ற செய்தி! யெர்மாக் போயிற்று, மீனவர்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

வயர்லெஸ் தொட்டிலில் இருந்த காலத்திலேயே அது காப்பாற்றிய உயிர்கள் ஏழை மீனவர்களின் உயிர்கள். நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகும் நமது மீனவன் அந்தச் சாதனத்துக்காக மனுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறான்.

பிறகு அந்தச் சாதனம் வியாபாரிகள் கைக்குப் போனபோது என்ன நடந்தது? மார்க்கோனி கம்பெனி, ஆபத்து நேரம் தவிர மற்ற நேரங்களில், தன் கருவி உள்ள நிலையங்கள் வேறு கம்பெனிக் கருவிகளோடு பேசக்கூடாது என்று விதி வைத்திருந்தது. கடல் எல்லோருக்கும் பொது. காற்று எல்லோருக்கும் பொது. அலை மட்டும் கம்பெனிக்குச் சொந்தம்! 1906-ல் பெர்லினில் கூடிய சர்வதேச மகாநாடுதான், யாருடைய கருவியானாலும் கரை நிலையமும் கப்பலும் பேசிக்கொள்ள வேண்டுமென்று தீர்மானித்தது. எஸ்.ஓ.எஸ். என்ற அபாயச் சமிக்ஞையும் அங்கேதான் ஏற்கப்பட்டது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் முழுகியது. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். டைட்டானிக்கில் வயர்லெஸ் இல்லாமலா? இருந்தது, நல்ல கருவிதான். அதன் அருகே நின்ற கலிபோர்னியன் என்ற கப்பலிலும் வயர்லெஸ் இருந்தது. ஆனால் அதிலிருந்த ஒரே ஆபரேட்டர் நாள் முழுவதும் வேலை செய்து களைத்து, கருவியை மூடிவிட்டுத் தூங்கப் போயிருந்தான். அவன் மேல் குற்றமில்லை. ஒரே ஆளை வைத்து வேலை வாங்கிய முறையின் குற்றம். நெடுந்தூரத்தில் இருந்த கார்பேதியாவின் ஆபரேட்டர் காதில் தற்செயலாக விழுந்ததால்தான் எழுநூறு பேர் பிழைத்தார்கள். 1914-ல் லண்டனில் நாடுகள் கூடிக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்து, பெரிய கப்பல்களில் இருபத்து நான்கு மணி நேரமும் கேட்க ஆள் வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தன.

அந்தப் பாடம் கருவியைப் பற்றியதல்ல. காதைப் பற்றியது.

ஆனால் இன்றைக்கும் அந்தச் சர்வதேச ஒப்பந்த வரிசையில் மீன்பிடிப் படகுகளுக்குப் பெரும்பாலும் விலக்கு! மீன்பிடிக் கப்பல்களுக்கென்று 1977-ல் டொரெமோலினோஸ் நகரில் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். அது 24 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களைப் பற்றியதுதான். அதுவும் அமலுக்கு வரவேயில்லை. சரக்குக்குச் சட்டம் இருக்கிறது. மீன் பிடிக்கிறவனுக்கு அனுதாபம் இருக்கிறது!

குரல் எவ்வளவு தூரம் போகும்?

இனி விஞ்ஞான விஷயத்துக்கு வருவோம். இதைத் தெரிந்துகொண்டால்தான் எந்தத் திட்டம் உதவும், எது கண்துடைப்பு என்பது விளங்கும்.

நமது படகுகளில் சாதாரணமாக இருப்பது வி.எச்.எஃப். வயர்லெஸ். அதன் 16-ஆம் சானல் உலகமெங்கும் அபாயத்துக்கும் அழைப்புக்கும் உரியது. இந்த அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. ஆகவே தூரத்தை முக்கியமாக நிர்ணயிப்பது கருவியின் சக்தி அல்ல, ஏரியலின் உயரம். படகில் ஏரியல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கு சுமார் 8 கிலோமீட்டர். எதிரே அதே மாதிரிப் படகு இருந்தால் இரண்டும் சேர்ந்து 16 கிலோமீட்டர். அதாவது 9 கடல் மைல். கரையில் 25 மீட்டர் கம்பம் இருந்தால் 15 கடல் மைல் வரை பேசலாம். 100 மீட்டர் கோபுரம் எழுப்பினால் 26 கடல் மைல். அதற்குமேல் தொண்டை கிழியக் கத்தினாலும் பலனில்லை.

கன்னியாகுமரி ஜில்லாவில் மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு அருகிலேயே நிற்கிறது. 500 மீட்டர் உயரமான முகட்டில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் வைத்தால், அதே படகு, அதே கருவியோடு ஐம்பது கடல் மைல் தூரத்திலிருந்து பேச முடியும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, பள்ளிக்கூடக் கணக்கு. மலையை நாம் கட்ட வேண்டியதில்லை. இயற்கையே கட்டி வைத்திருக்கிறது.

அதற்கும் அப்பால் போகிறவர்களுக்கு? குறைந்த அலைவரிசையில் இயங்கும் எச்.எஃப். வயர்லெஸ் இருக்கிறது. அந்த அலை வானமண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகும். இரைச்சல் அதிகம், இரவுக்கும் பகலுக்கும் அலைவரிசையை மாற்ற வேண்டும், பழகிய கை வேண்டும். ஆனால் குரல் போகும். இல்லாவிட்டால் ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள் வழியாகப் பேச வேண்டும்.

செல்போன் இருக்கிறதே என்று நகரவாசிகள் கேட்கலாம். கரையிலிருந்து சில மைல் போனதும் அது ஊமையாகிவிடும். மேலும் போனில் பேசினால் ஒருவன் காதில்தான் விழும். வயர்லெஸ்ஸில் ஒருவன் கூப்பிட்டால் சுற்றியுள்ள பத்துப் படகிலும் கேட்கும். கடலில் முதலில் ஓடிவருகிறவன் பக்கத்துப் படகுக்காரன்தான், பிறகுதான் சர்க்கார். ஆகவே பொதுவில் கேட்கும் குரலுக்கு ஈடு வேறு எதுவுமில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவு. எல்லாக் கடற்கரைக்கும் ஒரே மருந்து செல்லாது. பாக் ஜலசந்தி குறுகிய கடல். அங்கே சாதாரண வி.எச்.எஃப். போதும், கேட்க ஆள் இருந்தால். கீழைக் கடற்கரையில் ஃபைபர் படகில் போய் அன்றே திரும்புகிறவனுக்கு நனைந்தாலும் கெடாத கைக்கருவியும், அதற்குப் பாட்டரி ஏற்றும் வசதியும் வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களோ வாரக்கணக்கில் தங்கி, நூற்றுக்கணக்கான மைல் போகிறவர்கள். அவர்களுக்கு வி.எச்.எஃப். மட்டும் கொடுப்பது ஆற்றைக் கடக்கக் கைத்தடி கொடுப்பதாகும்.

ஒக்கி சொன்ன சாட்சி

இதெல்லாம் ஏட்டுக் கணக்கல்ல. 2017-ல் ரத்த சாட்சி கிடைத்தது.

அந்த வருஷம் நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரையருகே காற்றழுத்த மண்டலம் உருவாயிற்று. மறுநாள் 30-ஆம் தேதி அது ஒக்கி என்ற புயலாகிவிட்டது. ஒரே நாள் அவகாசம்! கரையில் இருந்தவர்களுக்கே எச்சரிக்கை அரைகுறையாகத்தான் எட்டியது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு அது எந்த வழியில் எட்டியிருக்கும்? கரையின் குரல் இருபது மைலில் நின்றுவிட்டது. அவர்கள் நூறு மைலுக்கு அப்பால் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வானிலை இலாகாவின் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய இருப்பிடம் சர்க்காருக்குத் தெரியாது.

சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கின. பல படகுகள் ஒதுங்கவேயில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்களை இழந்தன. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கை பணமல்ல. "எங்கள் ஆட்களைத் தேடுங்கள்" என்பதுதான். எங்கே தேடுவது என்பதற்குக் கடைசியாக வந்த குரல் ஒன்றாவது கரையில் பதிவாகியிருந்தால், எவ்வளவு பேரைத் தேடிப் பிடித்திருக்கலாம்!

இந்தக் கடற்கரைக்கு இது முதல் பாடமுமல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. ஒரு பாஸஞ்சர் ரயிலே நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலில் போயிற்று. தந்திக் கம்பிகள் அறுந்த காலம் அது. கம்பியே வேண்டாத காலத்திலும் அதே கதை தொடரலாமா?

கொடுத்தது என்ன? குறை என்ன?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். செய்ததைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும்.

நமது விண்வெளி நிலைய விஞ்ஞானிகள் அபாய அறிவிப்புக் கருவி ஒன்றைத் தயாரித்தார்கள். பொத்தானை அழுத்தினால் செயற்கைக் கோள் வழியே செய்தி போகும். நல்ல கருவி. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அழுத்தியவனுக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வரும் வழி செய்தார்கள். 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. அது கரையிலிருந்து எச்சரிக்கையை 300 கடல் மைல் வரை கொண்டுபோகும். ஆனால் படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. ஒன்றுக்கு வாய் மட்டும். இன்னொன்றுக்குக் காது மட்டும்!

2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் ஒரு பெரிய திட்டத்தைத் துவக்கி வைத்தார். 13 கடலோர ராஜ்யங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் இலவசமாகப் பொருத்துவது. செலவு சுமார் 360 கோடி ரூபாய். இருபுறமும் செய்தி போகும். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். இதை நாம் வரவேற்கிறோம். நமது சொந்த விஞ்ஞானிகளின் உழைப்பில் உருவானது என்பதால் இன்னும் அதிகமாக வரவேற்கிறோம்.

ஆனால் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். நாட்டிலுள்ள படகுகள் ஒரு லட்சத்தைவிட அதிகம். மீதிப் படகுகளின் கதி என்ன? திட்டம் யந்திரப் படகுகளுக்கு. துடுப்புப் போடும் கட்டுமரக்காரன் உயிர் மலிவா? கருவியில் எழுத்துச் செய்தி வருகிறது. மழையிலும் அலையிலும், ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு எவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான்? எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்கு ஒரு படகிலிருந்து அபாயச் சமிக்ஞை வந்தால், எந்த ஊரில், எந்த அறையில், யார் அதைப் பார்க்கிறார்? பார்த்தவர் யாரை எழுப்புகிறார்? எழும்பியவர் எந்தப் படகில் போகிறார்? இதற்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் சுவரில் எழுதி ஒட்டிய பதில் வேண்டும். அந்தப் பதில் இல்லாத வரையில் சிவப்புப் பொத்தான் வெறும் பொத்தான்தான்.

கண்காணிக்கவா? காப்பாற்றவா?

"மீனவர்களே கருவியை அணைத்துவிடுகிறார்கள்; அவர்களுக்கு அக்கறை இல்லை" என்று உத்தியோகஸ்தர்கள் சொல்வதுண்டு. இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. மறைப்பானேன்? மீன் கிடைக்கும் இடத்தை மற்றவன் அறிந்துவிடுவான் என்று அணைப்பவர்கள் உண்டு. அது தவறு, அதை நாம் மீனவர்களிடமே நேரில் சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம்.

ஆனால் பெரும்பாலோர் அணைப்பதற்குக் காரணம் பயம். எந்த இடத்தில் நின்றான் என்பதைக் கொண்டு நாளை டீசல் மானியத்தை நிறுத்துவார்களோ, வழக்குப் போடுவார்களோ என்ற பயம். 2008-ல் பம்பாயில் பயங்கரவாதிகள் கடல் வழியே வந்து தாக்கிய பிறகு, படகுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் வேகமாக வளர்ந்தன. நாட்டின் பாதுகாப்பு அவசியமே. கடலில் சர்க்காரின் கண்ணாக இருப்பவனே மீனவன்தான். ஆனால் மீனவனைப் பார்ப்பதற்குக் காட்டும் வேகத்தை, மீனவன் சொல்வதைக் கேட்பதற்குக் காட்டியதுண்டா? அண்டை நாடான இலங்கையில் ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி விரைவாக ஏறியது எப்போது? 2015-ல் ஐரோப்பிய நாடுகள் இலங்கை மீனை வாங்க மாட்டோமென்று தடை போட்டபோது! அடுத்த வருஷம் தடை நீங்கியது. மீனை விற்க வேண்டுமென்றால் பணம் கிடைக்கிறது. மீனவனை மீட்க வேண்டுமென்றால் பணம் தேட வேண்டியிருக்கிறது.

1933-ல் வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த சட்டம், உரிமமின்றி வயர்லெஸ் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023-ல் பார்லிமெண்டு புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் மாறினால் போதாது. மனப்பான்மையும் மாற வேண்டும். மீனவன் கையில் இருக்கும் வயர்லெஸ் சந்தேகப் பொருள் அல்ல, உயிர்ப் பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவி படகின் உரிமையாளர் பெயரில் வருகிறது. ஆனால் கடலில் முழுகுகிறவன் பெரும்பாலும் கூலிக்கும் பங்குக்கும் போகிறவன். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த மிச்சத்தில்தான் அவனுக்குப் பங்கு. வயர்லெஸ் ரிப்பேர்ச் செலவையும் அதே கணக்கில் கழித்தால் அதில் ஒரு பகுதி அவன் வயிற்றிலிருந்துதான் போகிறது. அப்படியிருக்க, ஸ்ராங்குக்கு மட்டும் கருவி இயக்கத் தெரிந்தால் போதுமா? ஸ்ராங்கு கடலில் விழுந்தால் கருவியும் விழுந்த மாதிரிதான்.

ஜப்பான் மீனவர் செய்தது

கரையில் இரவு பகலாகக் காது வைப்பது நடக்கிற காரியமா என்று சிலர் சந்தேகிக்கலாம். ஜப்பானைப் பார்க்கட்டும். அங்கே மீன்பிடிப்புக்கென்றே தனி வயர்லெஸ் நிலையங்கள் கடற்கரைகளில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. சிலவற்றை மாகாண நிர்வாகம் நடத்துகிறது. வானிலையும் அந்த வழியே போகிறது. மீன் விலையும் போகிறது. அபாயக் குரலும் வருகிறது. அன்றாடம் உபயோகப்படும் கருவி கெடாது; அன்றாடம் கேட்கும் காது தூங்காது. புயலுக்கென்று மட்டும் பெட்டியில் பூட்டி வைத்த கருவி புயலன்று வேலை செய்யாது.

நமது ஊர்களிலும் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பள்ளி இறுதி வரை படித்து வேலையின்றி நிற்கும் மீனவ இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முறைவைத்து மூன்று ஷிப்டு உட்கார ஒரு நிலையத்துக்கு நாலைந்து பேர் போதும். ஜன்னலோரத்தில் விழித்திருக்கும் அந்தத் தாய்க்குச் சம்பளம் கொடுத்து, நல்ல கருவி கொடுத்து, உட்கார நாற்காலி கொடுத்தால் அதுதான் கரை நிலையம்!

நமது கோரிக்கைகள்

ஆகவே மத்திய சர்க்காரிடமும் ராஜ்ய சர்க்காரிடமும் நாம் கேட்பது இவைதான்:

1. ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கரை வயர்லெஸ் நிலையம் வேண்டும். மீனவக் குடும்பத்து இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுவித்து, நிரந்தரச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும்.

2. குமரி ஜில்லாவில் மலைமுகட்டிலும், மலையில்லாத இடங்களில் உயர்ந்த கோபுரங்களிலும் மறு ஒலிபரப்பு நிலையங்கள் அமைக்க வேண்டும்.

3. தங்கல் தொழிலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் எச்.எஃப். அல்லது செயற்கைக் கோள் வழிக் குரல் வசதி செய்து தர வேண்டும். கட்டணத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

4. கட்டுமரம், வள்ளம், ஃபைபர் படகு எதையும் விடாமல் நனையாத கைக்கருவி கொடுக்க வேண்டும். ரிப்பேர் பார்க்க ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு பட்டறை வேண்டும்.

5. குமரி மீனவர் கொச்சியிலிருந்தும் தொழிலுக்குப் போகிறார்கள். புயல் அவர்களை எந்தக் கரைக்கும் தள்ளும். ராஜ்ய எல்லைகளைப் பாராமல் நிலையங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்கள் எப்போதும் பணியில் இருக்க வேண்டும்.

6. கடலுக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் கரை நிலையத்தில் பதிவாக வேண்டும். செய்தி வந்ததும் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். படகில் உள்ள அனைவருக்கும் கருவி இயக்கப் பயிற்சி வேண்டும்.

7. அபாயத்துக்காகக் கொடுத்த கருவியின் பதிவை மானியத்தை வெட்டவும் அபராதம் போடவும் உபயோகிக்கக் கூடாது. இதைச் சட்டத்தில் எழுத வேண்டும்.

8. கேட்ட குரலுக்கு ஓட, கடலோரக் காவற்படையை மட்டும் நம்பியிராமல், முக்கியத் துறைமுகங்களில் மீட்புப் படகு தயாராக நிற்க வேண்டும்.

கடைசியாக

பணம் எங்கே என்று கேட்பார்கள். கடல் மீனை ஏற்றுமதி செய்து நாடு வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் அந்நியச் செலாவணி சம்பாதிக்கிறது. அந்தப் பணம் யாருடைய உழைப்பில் வந்தது? அதில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

மீனவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் கொடுக்கும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். படகுக்குப் படகு 9 மைல் குரல் போகும். பத்துப் படகுகள் வரிசையாகச் செய்தியைக் கைமாற்றினால் எண்பது மைலுக்கு மேல்! நீங்கள் இன்றைக்கே இதைப் பழக்கமாகச் செய்துவருகிறீர்கள். அதை முறைப்படுத்துங்கள். தினம் இந்த நேரத்தில் எல்லாப் படகும் பேர் சொல்ல வேண்டும், பேர் வராத படகைத் தேட வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானியுங்கள். கருவியை அணைக்காதீர்கள். 16-ஆம் சானலில் வீண் பேச்சுப் பேசாதீர்கள். உங்கள் அரட்டையின் அடியில் ஒருவனுடைய கடைசிக் குரல் அமுங்கிப் போகலாம்.

அடுத்த புயல் எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் வரும். அன்றிரவு கடலிலிருந்து ஒரு குரல் கூப்பிடும். அப்போது அந்த அறை பூட்டிக் கிடக்கக் கூடாது. பூட்டைத் திறக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.